மாமா கரைசேர்த்த மாலுமி

மாமா கப்பல்களைக் கவிழ்த்த அகலச் சட்டி இன்னும் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. இப்போது அதில் இட்லிக்கு அரிசி ஊறப் போடுகிறோம். நான் மருமகளாக அந்த வீட்டுக்கு வந்த புதிதில் அது மாமாவின் எழுதும் மேசைமேல், முக்கால்வாசித் தண்ணீரோடு இருக்கும். தண்ணீரில் ஒரு கொட்டாங்கச்சி மிதக்கும். அதன் நடுவில் களிமண் உருண்டை வைத்து ஓர் ஈர்க்குச்சியை நட்டிருப்பார். அதுதான் பாய்மரம். ஒரு கையில் ஆங்கிலப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டியின் விளிம்பைத் தட்டுவார். கொட்டாங்கச்சி ஆடும், ஒருக்களித்துச் சாயும், ஈர்க்குச்சி ஏதாவது ஒரு பக்கம் விழும். எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்தைத் தமிழில் எழுதுவார். "தெருவே தண்ணி லாரிக்குத் தவம் கெடக்கு, இவரு அதுல கப்பல் விடுறாரு" என்று அத்தை என்னிடம் முறையிடுவார். எனக்குச் சிரிப்பு வரும். அந்த நாட்களில் எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் இளையவர். அண்ணன் ஊரிலிருந்து கொடிக்காலைப் பார்த்துக்கொள்ள, இவர் படித்து ஆங்கில வாத்தியாராகி, காளவாசல் பக்கம் ஒரு சந்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூட வேலை போக மீதி நேரத்தில் மதுரையிலேயே இருந்த ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார். அந்தப் பதிப்பக முதலாளிக்கு வேண்டியதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடல் சாகசக் கதைகள். எழுதியவர்கள் எல்லோரும் செத்து வெகுகாலம் ஆகிவிட்டதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. தலையணை கனத்துக்கு இருக்கும் நாவலைப் பிள்ளைகள் படிக்கும் அளவுக்குச் சுருக்கி, அட்டையில் ஓர் அலையும் ஒரு சுறாவும் போட்டு, ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக் கடைகளில் முறுக்குப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். தேனிக்கும் கம்பத்துக்கும் போகிற பிள்ளைகள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து மாமாவின் கடலைக் கடந்துபோனார்கள். புத்தகத்தில் அவர் பெயர் இருக்காது. அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை.

மாமாவின் கடல் ஒரு தினுசான கடல். ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்டதைத் தவிர அவருக்குக் கடலோடு பழக்கம் கிடையாது. ஆகவே அவர் கதைகளில் வீசியதெல்லாம் ஆடிக் காற்று. கப்பல் ஒதுங்கிய தீவில் வைகை மணல் கிடந்தது. தண்ணீர் என்றால் ஒரு திசையில்தான் போகும் என்பது கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் வளர்ந்தவர்களின் எண்ணம். மாமாவின் மாலுமிகளும் கடலில் 'மேற்கே இருந்து தண்ணீர் வரத்து' அதிகமாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். ஆழ்கடலிலிருந்து கிளம்பிக் கப்பலை மடக்கிப் பிடிக்கும் ராட்சசப் பிராணி வரும் இடங்களில் அவருக்கு மூலத்தில் உள்ள வருணனை போதவில்லை. மீனாட்சி கோவில் தூண்களில் உள்ள யாளியின் பல்லையும் பிடரியையும் அதற்குக் கொடுத்துவிட்டார். ஒரு பிள்ளையும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்த ஒன்றாக மாற்றித்தானே எல்லா ஊரிலும் பயந்திருக்கிறார்கள் என்பார் மாமா. அந்த வெள்ளைக்கார மாலுமி அவன் ஊர்க் கோவிலில் பார்த்த பிசாசைத்தான் கடலுக்குள் பார்த்திருப்பான் என்பது அவர் கட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கதைகளில் கப்பல் தலைவன் ஒரு புதிய தீவைக் கண்டுபிடிப்பான். கரையில் இறங்கி, கொடியை நட்டு, தன் ராணியின் பெயரையோ மாமன் பெயரையோ அதற்கு வைப்பான். அடுத்த பக்கத்தில் அதே தீவிலிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள். "ஏற்கெனவே ஆளு குடியிருக்குற எடத்துக்கு இவன் என்னம்மா பேரு வைக்கிறது? கொடிக்காலுக்குள்ள வந்து நின்னுக்கிட்டு நான்தான் வெத்தலையக் கண்டுபிடிச்சேன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு" என்று என்னிடம் கேட்பார். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கு அந்தக் கதைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் என்னிடம் கேட்டார் என்று நினைக்கிறேன். மாமாவின் தமிழில் கப்பல் தலைவன் தீவில் இறங்கியதும் முதல் வேலையாக அங்கிருப்பவர்களிடம், 'ஐயா, இது எந்த ஊர்?' என்று கேட்டுவிடுவான். மூலத்தை எழுதியவர் படித்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

அவருக்கு மிகவும் பிடித்தது, உடைந்த கப்பலிலிருந்து ஒருவன் கரைக்குக் கொண்டுவரும் சாமான்களைப் பற்றிய இடங்கள். ஒரு கத்தி, கொஞ்சம் கயிறு, நனைந்த மாவு, சட்டைப் பையில் தங்கிவிட்ட விதைகள். அவற்றை வைத்து அவன் எப்படிக் குடிசை போட்டான், மழைத் தண்ணீரை எப்படிப் பிடித்தான், ஆமையை எப்படிப் புரட்டினான் என்பதில் ஒரு வார்த்தையைக்கூடச் சுருக்க மாட்டார். ஆனால் அதற்கு முந்தைய பக்கத்தில் எப்போதும் ஒரு வாக்கியம் வரும். மற்ற மாலுமிகள் அனைவரும் மாண்டனர் என்ற வாக்கியம். அங்கே வந்ததும் பேனாவை மூடி வைத்துவிடுவார். "இம்புட்டு ஆளும் ஒரு வரியில போயிட்டாங்க பாரும்மா. இவிங்களுக்கும் வீடு வாசல் இருந்திருக்கும்ல" என்பார். பிறகு அந்த ஒரு வரியை அப்படியே தமிழில் எழுதுவார். சுருக்குவதற்கு அதில் ஒன்றும் இருக்காது.

என் கணவர் இந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர். அதனால்தான் கப்பலுக்குப் போனார் என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு இயந்திரங்கள் பிடிக்கும். கப்பலில் பெரிய இயந்திரம் இருந்தது, போனார். மாமாவின் கதைகளை வைத்து அவரைக் கேலி செய்வதுதான் விடுமுறையில் வரும்போது அவருக்கு வேலை. "யப்பா, ஒங்க கப்பலு எல்லாம் வைகையிலதான் ஓடுது. கடலு மேக்க இருந்தும் வரும், கெழக்க இருந்தும் வரும். நடுக்கடல்ல நின்னா எந்தப் பக்கமும் வராது, சும்மா தூக்கித் தூக்கிப் போடும்" என்பார். மாமா ரொம்ப சிரத்தையாகக் கேட்டுக்கொள்வார். அடுத்த புத்தகத்திலும் தண்ணீர் மேற்கிலிருந்துதான் வரும். எங்களுக்குக் கல்யாணமாகி அவர் வீட்டில் இருந்த மாதங்களைக் கூட்டினால் கொஞ்சம்தான். பேசிய பேச்சில் பாதி போனில். துறைமுகத்துப் பெயரைச் சொல்வார், நான் அதை மறந்துபோவேன், அடுத்த தடவை இன்னொரு பெயர் சொல்வார்.

கப்பல் மூழ்கிய செய்தி வந்தபோது நான் வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதி போட்டிருந்தேன். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். முகத்தைப் பார்த்ததும் ஏதோ என்று தெரிந்துவிட்டது. மீதிக் கணக்கையும் போட்டு, விடைக்கு அடியில் கோடு போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். புயலில் சரக்கு ஒருபக்கமாகச் சரிந்து கப்பல் சாய்ந்துவிட்டது. சிலரை உயிரோடு எடுத்தார்கள், சிலருடைய உடல் கிடைத்தது. உயிர்காப்புப் படகு ஒன்று மட்டும் அகப்படவில்லை. அதில் யார் யார் ஏறினார்கள் என்பது தப்பி வந்தவர்களுக்குத் தெரியவில்லை. என் கணவர் அந்தப் படகில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சில வாரங்களில் தேடுவதை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இதைச் சொன்னால் கல்நெஞ்சுக்காரி என்பார்கள், சொல்லியும் இருக்கிறார்கள். கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது யாருடைய கன்னமோ என்று இருக்குமே, உடம்பு பூராவும் அப்படி இருந்தது. காலையில் எழுந்தேன், பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டுதான் போனேன். ஆசிரியைகள் அறையில் எல்லோர் கண்களும் முதலில் அந்தப் பொட்டுக்கும் பிறகு என் கழுத்துக்கும் போய்வந்தன. நான் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கும் இதே குழப்பம். துக்கம் என்று சொல்லக் கூடாது, நலமா என்றும் கேட்க முடியாது. அதனால் மாமாவின் கதைகளை எடுத்துக்கொண்டார்கள். "ஒங்க புஸ்தகத்துலயே வருதே சார், எத்தன வருசங் கழிச்சுத் திரும்பி வாரான்" என்று அவருடைய பழைய மாணவர்கள்கூட வந்து சொன்னார்கள். மாமா மறுத்துப் பேசவில்லை. டீ குடிச்சிட்டுப் போங்கப்பா என்று மட்டும் சொன்னார். அவர்கள் போன பிறகு ஒருநாள், நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட் பக்கம் நின்று, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கதையில திரும்பி வாரவன் ஒருத்தன்தாம்மா. அவன் வந்து சொன்னாத்தான் அது கதையே. வராதவன் கதைய யாரு எழுதுனா?" அவ்வளவுதான். நான் வாரேன் மாமா என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனேன். உலகமே அவரை நம்பிக்கையின் வியாபாரி என்று நினைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் முதலில் நம்பிக்கையை விட்டவர் அவர்தான்.

அத்தை விடவில்லை. அதுவரை மாமா எழுதிய ஒரு வரியைக்கூட அத்தை படித்ததில்லை. கப்பல் விடுற வேலை என்று ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது எல்லாப் புத்தகங்களையும் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். காலையில் உலை இறக்கியதும் கூடத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாயசைத்துப் படிப்பார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி இருக்கும். சாமி படத்துக்கு முன்னால் அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு மாமாவிடம் சந்தேகம் கேட்பார். மழைத் தண்ணீரைப் பாய்த்துணியில் பிடித்தால் உப்புக் கரிக்காதா? ஆமை முட்டையைப் பச்சையாகக் குடிக்கலாமா? தீவுக்காரர்கள் சோறு போடுவார்களா, அடித்து விரட்டுவார்களா? ஆரம்பத்தில் மாமா தெரிந்தவரை பதில் சொன்னார். ஒருநாள் அத்தை என்னிடம் திரும்பி, "ஏம்மா, அவனுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். முள் எடுத்துக் கொடுத்தால்தான் மீனே சாப்பிடுவார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். "அங்க போயிப் பழகியிருப்பான்" என்று அவரே சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

எல்லாப் புத்தகமும் முடிந்த பிறகு அத்தை ஒரே ஒரு புத்தகத்தோடு நின்றுவிட்டார். அதன் கதை இதுதான். கப்பல் உடைந்து ஒரு மாலுமி ஆளில்லாத தீவில் ஒதுங்குகிறான். வருடங்கள் ஓடுகின்றன. ஊரில் அவன் செத்துப்போனான் என்று முடிவு செய்து காரியம் செய்கிறார்கள். பங்காளிகள் வாய்க்காலில் குளித்து, குடத்தில் நீர் எடுத்துக்கொண்டு, வெள்ளை வேட்டியைத் தலைக்கு மேல் பிடித்தபடி வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். வாய்க்கால் கரை வளைகிற இடத்தில் முன்னால் வருகிறவர் நின்றுவிடுகிறார். எதிரே தாடியும் சடையுமாக ஓர் ஆள் நடந்து வருகிறான். 'யாருக்கு நீர்மாலை எடுக்கிறீர்கள்?' என்று கேட்கிறான். அவன்தான் அந்த மாலுமி. எங்கள் பக்கத்தில் செத்தவரைக் குளிப்பாட்டப் பங்காளிகள் இப்படி நீர் எடுத்து வருவதை நீர்மாலை என்பார்கள். அந்தப் பக்கத்தை அத்தை எத்தனை தடவை படித்தார் என்று சொல்ல முடியாது. புத்தகம் தானாகவே அந்த இடத்தில் பிரிந்துகொள்ளும் அளவுக்குப் படித்தார்.

வருடங்கள் போயின. ஒருநாள் பெரிய மாமா, அதாவது மாமாவின் அண்ணன், சோழவந்தானிலிருந்து வந்தார். வெற்றிலையும் வாழைத்தாரும் கொண்டுவந்தார். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை அவர். பேத்திக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. பங்காளி வீட்டில் ஒருவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், காரியமும் செய்யாமல், பந்தக்கால் நட ஊரில் யாரும் சம்மதிக்கவில்லை. "ஏப்பா, நான் எம்புள்ளையா நெனச்சுத்தான் கேக்குறேன். உசுரோட இருக்கான்னா சொல்லு, எம்புட்டு வருசம்னாலும் காத்திருக்கோம். இல்லேன்னா அவனுக்குச் செய்ய வேண்டியதச் செய்வோம். இப்படி அந்தரத்துல விடக்கூடாது. இந்தப் புள்ளையையும் பாரு" என்று என் பக்கம் கையைக் காட்டினார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை ஜன்னல் பக்கத்திலிருந்து, தலையைத் திருப்பாமல் பேசினார். "அந்தக் கதையிலயும் இப்படித்தான் அவசரப்பட்டு நீர்மாலை எடுத்தாக. ஆளு எதுக்க வந்து நின்னான்." பெரிய மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யோசிச்சுச் சொல்றேண்ணே என்று மாமா அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து நான் பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா அத்தைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அத்தையின் மடியில் அந்தப் புத்தகம். "இங்க பாரு, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தவர், கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அந்தக் கதையின் மூலத்தில் அந்த மாலுமி திரும்பி வருவதில்லை. தீவிலேயே செத்துப்போகிறான். வேறொரு கப்பல் எப்போதோ அந்தப் பக்கம் போகும்போது எலும்பையும் கத்தியையும் கண்டெடுக்கிறது. பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தைச் சாவில் முடிக்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு வரி சேர்த்து அவனைக் கரையேற்றிவிடுங்கள் சார், போதும் என்றார். மாமா ஒரு வரியோடு நிற்கவில்லை. ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். "வாய்க்கா, நீர்மாலை, அவன் எதுக்க வாரது, எல்லாம் நான் எழுதுனது. அப்படி யாரும் வரல. அத நம்பிக்கிட்டு இருக்காத" என்றார். வகுப்பில் பாடம் சொல்வதைப் போலக் குரல் வறண்டிருந்தது.

அத்தை கோபப்படுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். கையில் ஈரத் தட்டோடு அடுக்களை நிலைப்படியில் நின்றேன். அத்தை கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எந்த வெள்ளக்காரன் ஊருல நீர்மாலை எடுக்குறாக? அந்த வளைவு ஒங்க ஊரு வாய்க்கா வளைவு. கல்யாணமாகி வந்தப்ப வில்லு வண்டி ஆடுன ஆட்டத்துல நான் வாந்தி எடுத்த எடம். எனக்குத் தெரியாதா?"

அத்தை மடியிலிருந்த புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். சத்தம் கூட்டாமல், கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் பேசினார். "அவன் யாரோ எவனோ. பேரு கூட வாயில நொழையாத வெள்ளக்காரன். அவன் தீவுல கெடந்து சாகுறத ஒங்களுக்கு மனசு பொறுக்கல. ஒரு வரி போதும்னு சொன்னாலும் கேக்காம, நம்ம ஊருக்கே கூட்டியாந்து விட்டீக. இப்ப பெத்த புள்ளைக்கு மட்டும் எப்படிப் பொறுக்குது?"

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. மாமா ஜன்னலைப் பார்த்தார். "அது எங்கையில இருந்துச்சு. இது இல்ல" என்றார். அத்தை அழவில்லை. எனக்கு அப்போது ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் பக்கமாவது மனசு சாய்ந்திருக்க வேண்டும். தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்ததுதான் நினைவிருக்கிறது. சாயங்காலம் காபி கொடுக்கும்போது அத்தை, "ஒங்க அண்ணனுக்குப் போனப் போடுங்க. ஆகவேண்டியதப் பாக்கட்டும். செஞ்சா ஒங்க ஊருலதான் செய்யணும்" என்றார். மாமா போனை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் எண்ணை அழுத்தாமலே இருந்தார்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் மாமாவும் போய்விட்டதுதான். போன ஆண்டு மழைக்காலத்தில், படுத்த படுக்கையாகக் கிடக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். எங்கள் வீட்டில் இப்போது நானும் அத்தையும்தான். என்னைப் பிறந்த வீட்டுக்குப் போகச் சொன்னவர்கள் உண்டு, வேறொரு கல்யாணத்தைப் பற்றி ஜாடையாகப் பேசியவர்களும் உண்டு. அத்தையே ஒரு தடவை நேராகக் கேட்டார். நான் வேண்டாம் என்று சொன்னதற்கு அன்பு, பக்தி என்று எதுவும் காரணம் இல்லை. எதையும் புதிதாகத் தொடங்குவதற்கு உள்ளே ஆள் வேண்டும். அந்தப் பதிப்பகம் மூடிப் பல காலமாகிறது. ஆரப்பாளையத்தில் அந்தப் புத்தகங்கள் தொங்கிய இடத்தில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. பள்ளியில் பிள்ளைகளிடம் கடலைப் பற்றிக் கேட்டால் உள்ளங்கைச் செல்போனிலேயே அலையைக் காட்டிவிடுகிறார்கள். அதில் அலை எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. என் கணவர் தன் அப்பாவிடம் சொன்னதைப் போலவே, சும்மா தூக்கித் தூக்கிப் போடுகிறது. மாமா அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். யோசனை பாதியில் நின்றுவிடும். அதற்குமேல் எனக்குப் போவதில்லை.

என் கணவருக்குக் காரியம் நடந்த நாளைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். பெரிய மாமா வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உடல் இல்லாததால் தர்ப்பையில் ஓர் உருவம் கட்டி, மனைப்பலகையில் கிடத்தி, அவருடைய நீலச் சட்டை ஒன்றை மேலே போர்த்தியிருந்தார்கள். இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான். தண்ணீரில் போனவனுக்குத் தண்ணீர் எடுக்கணுமா என்று பங்காளிகளுக்குள் ஒரு பேச்சு வந்தது. கடல் தண்ணியும் வாய்க்கா தண்ணியும் ஒண்ணா, அவன் நம்ம தண்ணியில குளிச்சுப் போகட்டும் என்று பெரிய மாமா முடித்துவைத்தார். என் கணவருக்குப் பிள்ளை இல்லை, தம்பியும் இல்லை. எல்லாமே அப்பாதான் செய்ய வேண்டியிருந்தது. வயசான காலத்தில் ஈர வேட்டியோடு, தோளில் குடத்தோடு, மாமாதான் முன்னால் நடந்து வர வேண்டும். பெண்கள் நாங்கள் வாசலில் காத்திருந்தோம். வாய்க்கால் ஒன்றும் தூரமில்லை, பஸ் நிற்கிற வளைவைத் தாண்டினால் வந்துவிடும். கொட்டுச் சத்தம் நெருங்கி வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் சத்தம் மட்டும் கேட்டது, நெருங்கவில்லை. பிறகு கொட்டும் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அத்தை பார்க்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கொட்டுச் சத்தம் மறுபடி கிளம்பியது.

அவர்கள் வந்ததும் பெரிய மாமா எங்களைப் பார்த்து அலுத்துக்கொண்டார். "வளைவுகிட்ட வந்ததும் நின்னுட்டான். நட தம்பின்னா நடக்க மாட்டேங்குறான். கை கால் வலிக்குதான்னு கேட்டா வாயத் தொறக்கல." பங்காளிகளில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைப் படித்தவர் இல்லை. அத்தை படியிறங்கி மாமாவுக்கு எதிரே போய் நின்றார். மாமாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை அவரிடம் கேட்டது மெதுவாகத்தான். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"எம்புட்டு நேரம் நின்னீக?"

"மதுர பஸ்ஸு வந்து நின்னு போற வரைக்கும்."

"யாரும் எறங்குனாகளா?"

"எறங்கல."

அத்தை தலையை ஆட்டினார். அப்போதுதான், அத்தனை வருடங்களில் முதல் தடவையாக, எனக்கு வலித்தது. மாமா நம்பவில்லை, நானும் நம்பவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 'எறங்கல' என்று அவர் சொல்லும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவருடைய தோளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாதையில் ஈரக் கால்தடங்கள் மட்டும் இருந்தன. உள்ளேயிருந்து யாரோ நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள். மாமாவின் தோளிலிருந்த குடம் ஒருபக்கமாகச் சாயப் பார்த்தது. நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டோம்.